இல்லை என்பதும் தெரியாது என்பதும்

முதலில் உறுத்தியது பையின் வார். கல்கத்தாவில் பெஹாலாவிலிருந்து கிடர்பூர் துறைமுக அலுவலகத்துக்கு பஸ்ஸில் போகும்போது இடது தோளில் பையை மாட்டிக்கொள்வது என் வழக்கம். அந்த மாதம் வார் எதன் மேலோ போய் உட்கார்ந்தது. தொட்டுப் பார்த்தேன். காறை எலும்புக்கு மேலே ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவில். வலி இல்லை. பையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு ஆறு வாரம் ஓட்டினேன்.

இதைப் படிக்கிறவர்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். வலிக்கவில்லை என்பதற்காக ஒரு கட்டியை விட்டு வைக்காதீர்கள்.

பயாப்ஸி (கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்தது. லிம்ஃபோமா (நிணநீர்க் கணுக்களில் தொடங்கும் புற்று). கழுத்தில் ஒன்று, நெஞ்சுக்குள் இரு நுரையீரலுக்கும் நடுவே பெரிதாக இன்னொன்று. பதினைந்து நாளுக்கு ஒரு முறையாகப் பன்னிரண்டு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்றார் மருத்துவர். என் வயதுப் பெண்மணி. எதையும் இரண்டு முறை சொல்ல மாட்டார்.

மருத்துவமனைச் சேர்க்கைப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருந்தது. என் பெயரைப் பார்த்ததுமே எழுத்தர் 'இந்து' என்று தட்டிவிட்டார். மாற்றச் சொன்னேன். எதுவாக என்று இந்தியில் கேட்டார். எதுவும் இல்லை என்றேன். கணினியில் அப்படி ஓர் இடம் கிடையாது என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் நகரவில்லை. கடைசியில் 'பிற' என்று போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு வார்டில் ஒவ்வொரு செவிலியரும் வந்து, நான் எதைச் சாப்பிட மாட்டேன் என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

வெளியே வந்ததும் என் கணவர் முத்து, இந்த நேரத்திலும் இது தேவையா என்று கேட்டார். இந்த நேரத்தில்தான் தேவை என்றேன்.

எங்கள் இருவருக்கும் இது இருபத்தைந்து வருட வழக்கு. நான் நாத்திகம் பேசும் வீட்டில் பிறந்து, தாலி இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள். கடவுள் உண்டு என்பவர்கள் ஒரு சான்றும் காட்டவில்லை, ஆகவே நான் ஏற்கவில்லை. என் கட்சி அவ்வளவுதான். முத்து தூத்துக்குடிக்காரர், மத்திய அரசு ஊழியர், அளந்து பேசுகிறவர். உண்டா இல்லையா என்று அறிய மனிதனிடம் வழியே இல்லை, ஆகவே தெரியாது என்பது அவர் கட்சி. அறியொணாவாதம் என்று அதற்குப் பெயர். நான் அதற்கு மதில்மேல் பூனை என்று பெயர் வைத்திருந்தேன். இருபது வருடத்துக்கு முன்பு இருவரும் ஒன்றாக மாற்றலாகிக் கல்கத்தாவுக்கு வந்தபோது அந்தச் சண்டையும் எங்களுடன் ரயிலேறி வந்தது.

மருந்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அதில் ஒன்று ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கும். மூன்றாவது முறைக்குள் முடி போயிற்று. வாயெல்லாம் புண்ணாகித் தயிர்சாதம்கூட எரிந்தது. இன்னொரு மருந்து நுரையீரலைக் கொஞ்சம் இறுக்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இறுக்கியது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைக் கொண்டுவந்தார்கள். இப்பவாவது கும்பிடக் கூடாதா? தொலைபேசியில் மாமியார், அலுவலகத் தோழிகள், எதிர் ஃபிளாட்டில் இருக்கும் வங்காளி அக்கா, நாங்கள் பௌதி (அண்ணி) என்று கூப்பிடுகிறவர். பௌதி ஒருநாள் காளிக்குச் சாத்திய செம்பருத்திப் பூ ஒன்றை என் தலையணைக்கு அடியில் வைக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றேன். கோபித்துக்கொள்ளாமல் மீன் குழம்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வாங்கிக்கொண்டேன்.

நான் தைரியசாலி அல்ல. மிகவும் பயந்திருந்தேன். ஆனால் அந்தப் பயத்தில் கும்பிட்டிருந்தால் அது என் நம்பிக்கை ஆகியிருக்காது, நோயின் இன்னொரு அறிகுறியாகத்தான் இருந்திருக்கும். ரத்தம், முடி, நாக்கின் ருசி எல்லாம் என்னைக் கேட்காமலே போயின. கேட்டு வாங்க வேண்டிய ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கொடுப்பதில்லை என்று இருந்தேன்.

மருந்து ஏற்றும் அறையில் என் பக்கத்து நாற்காலி ஷெஃபாலிக்கு. ஹவுராவில் ஒரு பட்டறைத் தொழிலாளியின் மனைவி, முப்பத்தைந்து வயது இருக்கலாம். எனக்கு இருந்த அதே நோய். ஊசி குத்தும் முன்பு கண்ணை மூடி உதட்டை அசைப்பாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்களுக்கும் சேத்துச் சொல்லிட்டேன் திதி (அக்கா)" என்பாள். அவளிடம் மட்டும் நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. ஒன்பதாவது முறைக்கு அவள் வரவில்லை. காய்ச்சல் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் இருந்து இறந்துபோனாள் என்று செவிலியர் சொன்னார்.

பன்னிரண்டும் முடிந்த பிறகு பெட் ஸ்கேன் (நோய் உள்ள திசு ஒளிர்ந்து தெரியும் படம்) எடுத்தார்கள். கழுத்து தெளிவாக இருந்தது. நெஞ்சின் நடுவில் மட்டும் மங்கலாக ஒரு புள்ளி.

"இருக்கா, இல்லையா டாக்டர்?"

"தெரியாது."

ஆறிவரும் திசுவும் இப்படி ஒளிரும், மிச்சமிருக்கும் புற்றும் இப்படி ஒளிரும் என்று விளக்கினார். அந்த இடத்தில் இப்போது ஊசி விட்டுத் திசு எடுப்பதும் ஆபத்து. மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுக்கலாம் என்றார்.

அனுபவத்தில் என்ன தோன்றுகிறது என்று முத்து கேட்டார்.

"எனக்குத் தோணுறது உங்களுக்கு எதுக்கு? பார்த்ததைத்தான் சொல்ல முடியும். தெரியாதுன்னா பாதி ஆமான்னு அர்த்தம் இல்ல. தெரியாது, அவ்வளவுதான்."

எனக்கு அது அடிபட்டது போல இருந்தது. துறைமுகத்தில் என் வேலை ஆற்றின் ஆழ வரைபடம் போடுவது. அளக்காத இடத்தை வெள்ளையாக விடுவோம். மணல்திட்டு இல்லை என்று அங்கே எழுத மாட்டோம், உண்டு என்றும் எழுத மாட்டோம். அந்த வெள்ளையை நேர்மை என்று மதித்தே இத்தனை வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். வீட்டில் மட்டும் அதைக் கோழைத்தனம் என்று பேசியிருக்கிறேன்.

முத்துவிடம் இதைச் சொல்ல நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் பௌதி வந்து, செவ்வாய்க்கிழமை காளிகாட் கோயிலில் உன் புருஷனைப் பார்த்தேன், எவ்வளவு பக்தி என்று மகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

முத்து அலுவலகத்திலிருந்து வரும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். மறைக்கவில்லை.

"பயந்துட்டேன், செல்வி."

"தெரியாது தெரியாதுன்னு இருபத்தஞ்சு வருஷம் சொன்னவர் நீங்க. அங்க போய்த் தெரிஞ்ச மாதிரி நின்னிருக்கீங்க."

"தெரிஞ்ச மாதிரி நிக்கல. நீ இருக்கியான்னு எனக்குத் தெரியல, இருந்தா இவளை விட்டுருன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

ஒரு சொல்லைக்கூட அவர் பொய்யாகச் சொல்லியிருக்கவில்லை. நான் அங்கே போயிருந்தால் என் வாயிலிருந்து வந்திருக்கக்கூடியது முழுக்கப் பொய்யாக இருந்திருக்கும். எங்களுக்குள் இருந்த வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது. அவருக்குக் கேட்க ஒரு கதவாவது இருந்தது. எனக்கு அந்த இடத்தில் வெறும் சுவர்தான். அந்தச் சுவரில் நான் சாய்ந்துகொள்வேன், தட்ட மாட்டேன்.

"போகணும்னா போங்க," என்றேன். "ஆனா உங்க பயத்துக்கு உங்க பேர்ல போங்க. என் பேரை அங்க சொல்லாதீங்க."

சரி என்றார். இருவரும் டீ குடித்தோம். மதில்மேல் பூனை என்று அதன் பிறகு நான் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் புள்ளி மங்கி, கிட்டத்தட்ட மறைந்திருந்தது. நோய் போய்விட்டதா என்று கேட்டேன். நோயின் அடையாளம் எதுவும் தெரியவில்லை, அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்றார் மருத்துவர். நான் எதிர்பார்த்த விடைதான். அவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பௌதி அழுதார். மா காளி காப்பாற்றிவிட்டாள் என்றார். யார் காப்பாற்றியது என்று நான் முத்துவைக் கேட்டதற்கு, மருந்து, மற்றது தெரியாது என்றார். நான் பௌதியிடம் ஷெஃபாலியைப் பற்றிச் சொன்னேன். என்னைவிட நூறு மடங்கு கும்பிட்டவள். அவளை விட்டுவிட்டு என்னைக் காப்பாற்றிய ஒருவர் இருந்தால், அவருக்குச் சொல்ல என்னிடம் நன்றி கிடையாது என்றேன். பௌதி என் கையைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

இதே வழியில் நடப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். நம்புகிறவர்கள் நம்புங்கள், தெரியாதவர்கள் தெரியாது என்று சொல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் படுக்கையில் கிடக்கும்போது மனம் மாற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மாறாமலும் மருந்து வேலை செய்கிறது.

உடம்பு திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இது பழைய உடம்பு அல்ல. முடி சுருட்டையாக முளைத்திருக்கிறது. விரல் நுனிகள் மரத்திருப்பதால் ஊசியில் நூல் கோக்க நேரமாகிறது. காலமும் மாறிவிட்டது. ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பதுதான் இப்போது எனக்கு ஓர் ஆண்டு. அடுத்த துர்கா பூஜைக்குப் புடவை எடுக்கக் கூப்பிட்டால் போகிறேன், முந்தானை எப்படி என்று விரித்துப் பார்க்கிறேன், பேரமும் பேசுகிறேன். அதற்குள் என்ன ஆகும் என்று கேட்பதில்லை.

போன வாரம் ஹவுராவில் படகைவிட்டு இறங்கினேன். வற்றத்தில் ஆறு தாழ்ந்திருந்த நேரம், மிதவைத் துறையிலிருந்து கரைக்கு ஏறும் சரிவுப் பாலம் செங்குத்தாக நின்றது. பாதியில் மூச்சு முட்டியது. கைப்பிடியைப் பற்றி நின்றேன். பின்னால் வந்த கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று. யாரோ ஒருவர் உட்காருகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். மூச்சு அதன் பாட்டுக்குத் திரும்பி வந்தது. மேலே ஏறினேன்.