ஒரே கதைக்கு மூன்று பேர்

இரண்டு வருடத்துக்கு முன், குளிர் விடப்போகிற சமயம். கொல்கத்தாவில் பாலிகஞ்ச் பக்கம் ஒரு ஹாலில் நடந்த கூட்டத்துக்கு என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பென்ஷன் நின்றுபோயிருந்தது. உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக வருஷா வருஷம் பென்ஷன் ஆபீஸ் கவுண்டர் மெஷினில் விரலை வைக்க வேண்டும்; அந்த முறை ரேகை பதியவில்லை. அப்படியானால் ஒரு அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வந்தால் போதும் என்றுதான் விதி. கவுண்டரில் இருந்தவரோ நாங்கள் வாங்கிப் போன அந்தப் பேப்பரைத் தொடவே இல்லை. "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு மெஷின் சொல்லணும்" என்று மாமனாரின் முகத்தைப் பார்த்தே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனாரோ பெற்ற பிள்ளையிடம்கூடக் கை நீட்டாத மனுஷன். சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார் என்பதையே நான் தற்செயலாகத்தான் பார்த்தேன்.

லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மூர்க்காரர் ஒருவர்தான் ஒரு இலவச ஆலோசனை மையத்துக்கு வழி சொன்னார். அங்கிருந்த தீதி (இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். கடைசியில், "பேர், ஊர் எதுவும் வராது. உங்க அனுபவத்தை அதிகாரிங்க முன்னாடி நாங்க சொல்லலாமா?" என்று கேட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

அந்தக் கூட்டம்தான் இது. மேடையில் பென்ஷன் ஆபீஸின் பெரிய அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தீதி வங்காளத்தில் வாசித்தார். வயதான ஒருவர் கவுண்டருக்குப் போகிறார். ரேகை பதியவில்லை. உயிரோடு இருப்பதை மெஷின் சொல்ல வேண்டும் என்கிறார்கள். உட்கார நாற்காலி கேட்டதற்கு முறைக்கிறார்கள். ஐயோ, அப்படியே எங்கள் கதை! ஆனால் அந்த வயதானவர் ரிக்‌ஷாவில் தனியாக வந்ததாகச் சொன்னார். நாங்கள் டாக்ஸியில் அல்லவா போனோம்? அடையாளம் தெரியக்கூடாது என்று மாற்றிவிட்டாரோ? எனக்குக் குழப்பமாக இருந்தது.

"எங்கயோ ஒண்ணு ரெண்டு இப்படி நடக்கும். யாருன்னு சொல்லுங்க, நாளைக்கே முடிச்சுத் தர்றேன்" என்றார் அதிகாரி.

தீதி, பெயர் சொல்லும் வழக்கம் இல்லை என்று மறுத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லித் தொலையேன் அம்மா! நாளைக்கே முடிந்துவிடுமே! நானே எழுந்து சொல்லலாமா, சொன்னால் தீதியைக் கவிழ்த்தது போல ஆகிவிடுமா? ஒன்றும் புரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் பக்கத்தில் மாமனார் எழுந்துவிட்டார். "ஆமி!" என்றார். வங்காளத்தில் 'நான்' என்று அர்த்தம்.

முன்வரிசையில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு அம்மாவும் எழுந்து, "இல்லை, அது நான்" என்றார். பின்னாலிருந்து கைத்தடியோடு ஒருவர், "ரெண்டு பேரும் உட்காருங்க, அவங்க சொன்னது என்னைப் பத்தி" என்று அதட்டினார். மாமனாருக்கு வந்ததே கோபம்!

"ஏம்மா, நம்ம கதைய அந்தம்மா எடுத்துக்கறாங்க பாரு!" என்றார் என்னிடம், தமிழில், ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

மூன்று பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இன்னும் யாராவது இருக்கீங்களா?" என்றார். அங்கங்கே கைகள் எழுந்தன. அவர் அதன் பிறகு ஒன்றிரண்டு என்ற பேச்சையே எடுக்கவில்லை. கையெழுத்துப் பேப்பரை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று எல்லாக் கவுண்டரிலும் எழுதி ஒட்டச் சொல்லி அங்கேயே உத்தரவு போட்டார். அடுத்த மாதம் பென்ஷன் வந்துவிட்டது.

அன்று கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது தீதியை ஓரமாக இழுத்துப் போய், "நெஜமா அது யாரு?" என்று கேட்டேன்.

"சொல்லக்கூடாது பௌதி. சொன்னா அடுத்தவங்க எங்களை நம்பி வருவாங்களா?" என்று சிரித்தார். பௌதி என்றால் இங்கே அண்ணி. அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை!

திரும்பும்போது ஆட்டோவில் மாமனார், "நம்மளோடதுதான், சந்தேகமே இல்ல" என்றார். கொஞ்ச தூரம் போனதும் குரல் இறங்கிவிட்டது. "அந்தம்மாவயும் உயிரோட இல்லன்னு சொல்லியிருக்கான் பாரும்மா. நான் என்னமோ எனக்கு மட்டும்தான் அந்த அவமானம்னு நெனச்சிருந்தேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அடக்க முடியவில்லை.

அந்தக் கதை எங்களுடையதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் வெளியே சொன்னால் மானம் போகும் என்று நாங்கள் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்ததை, இன்னும் எத்தனை வீடுகள் அதே மாதிரி பூட்டி வைத்திருந்தனவோ என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.