நட்சத்திரத்தின் வாலும் கோதண்டத்தின் மெமோவும்

கோதண்டம் போய்விட்டார் என்ற செய்தி பங்காருபேட்டை பிளாட்பாரத்தில், வெற்றிலையைத் துப்புவதற்கும் மறுபடி மெல்லுவதற்கும் நடுவே ஒரு நண்பர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது. ஒரு சக்கரவர்த்தியின் மரணத்தை அறிவிக்கும் லட்சணமா இது? அன்று பிடித்த எரிச்சல் கருமாதி விருந்தில் முற்றிவிட்டது. அவரை அறிந்த நீங்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் ஷாஃப்டில், ஆளை ஏற்றி இறக்கும் கேஜுக்குச் சைகை தரும் மணியின் வயர் பார்த்தவர். கீழே லெவலில் மணி அடிப்பவன் காலையில் என்ன தின்றான் என்று மேலே நின்றே சொல்வார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மணி தெளிவாகக் கேட்காவிட்டால் கேஜை நிறுத்தி, ‘கோளாறு’ என்று தன் பெயரைப் போட்டு ரிஜிஸ்டரில் எழுதிவிட வேண்டும். யார் தப்பு என்பதெல்லாம் பிறகு.

சுரங்கத்தை விட்டு ஒரு ரேடியோ டெலஸ்கோப்பில் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோதும் அந்த வழக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு போனார். பல்சார் என்னும் நட்சத்திரங்களின் துடிப்பைத் தாளில் கோடாகப் பதிவுசெய்வது அங்கே வேலை. ஒருநாள் ஊசிபோல் இருக்க வேண்டிய துடிப்பு, பல்லிவால் முளைத்து இழுபட்டது. ரிசீவரை மூன்று முறை பிரித்துப் பற்றவைத்தார். வால் போகவில்லை. ‘கோளாறு, கோதண்டம்’ என்று எழுதினார். நிர்வாக அதிகாரி ஒருவர் அதையே வாக்குமூலமாக்கி, கவனக்குறைவு என்று மெமோ நீட்டினார்.

நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவிலுள்ள எலக்ட்ரான் மேகங்கள் அலையைச் சிதறடிப்பதால் வந்த வால் அது என்று விஞ்ஞானிகள் பிறகு விளக்கினார்கள். மெமோவை மட்டும் எந்த மகானும் திரும்பப் பெறவில்லை.

எனக்கு மேகமும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. கோதண்டத்திடமே கேட்டேன்.

“ஷிப்ட் வுட்டா எல்லாரும் ஒண்ணாதான மச்சான் வெளிய வர்றாங்க? நேரா வர்றவன் முதல்ல வூட்டுக்கு வருவான். நாலு சந்து சுத்தறவன் லேட்டா வருவான். அதான் வாலு.”

“அப்ப நீ இன்னாத்துக்குக் கோளாறுன்னு எழுதிக் குடுத்த?”

“சந்தேகம்னா எழுதணும். எழுதாதவன் ஆளைக் கொல்லுவான்.”

ஒரே ரிசீவரில் ஒரே நாளில் எடுத்த இரண்டு பதிவுகள் அவரிடம் இருந்தன. பக்கத்துப் பல்சார் ஊசி, தூரத்துப் பல்சார் வால். “ரிசீவர் கெட்டிருந்தா ரெண்டுக்கும்தான வாலு இருக்கணும்?” இந்த ஒரு கேள்வியை வைத்து இமயமலை உயரத்துக்கு மனு எழுதினார். பதில் வரவில்லை. சுரங்கத்துக்குப் பூட்டுப் போட்ட வருஷமே அவரும் கண்ணை மூடினார், மெமோவோடு.

அவருடைய பாலகாட் வீட்டில் கருமாதிப் பந்திக்கு விரிக்கத் தாள் போதவில்லையாம். எந்தப் புண்ணியவானோ பரணிலிருந்த அந்தப் பதிவுத் தாள் சுருளை இழுத்து மேஜைமேல் விரித்துவிட்டான். நான் பார்க்கும்போது அதன்மேல் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சாட்சாத் அந்த மெமோ அதிகாரி.

“சார், இலைய கொஞ்சம் தள்ளுங்க. கீழ இருக்கறத பாருங்க,” என்றேன்.

தள்ளினார். ஊசியைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். வாய்க்குப் போன கை நின்றது.

“கோதண்டம் அப்பவே சொன்னாருல்ல,” என்றார். இலையை மறுபடி அதன்மேல் இழுத்துக்கொண்டார். “பாயசம் இன்னும் வரலையா?”

நான் தாளை உருவினேன். இலை எங்கே போனது, சாம்பார் யார் மடியில் இறங்கியது என்பது பாலகாட் முழுக்கத் தெரியும். நான் வருந்தவில்லை.

அதில் கிழியாமல் வந்த ஒரு முழத் தாள் கறையோடு என்னிடம் இருக்கிறது. இரண்டு கோடுகளுக்கும் கீழே அவர் கையெழுத்தில், ‘ரிசீவர் சரி.’ பார்க்க விரும்புகிறவர்கள் கை கழுவிக்கொண்டு வரவும்.