காற்றுக்காக நிற்கும் வண்டி

கனகா என் பட்டறைக்கு முதலில் வந்தபோது, குப்பை வண்டிக்குச் சக்கரம் கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். வடமதுரை போகும் சாலையை இருபது வருடமாகக் கூட்டுகிறவள் அவள். அதே சாலையோரம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன் நான். அவள் ஒரு காலண்டர் தாளை எடுத்து விரித்தாள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வண்டி வரைந்திருந்தாள். வண்டிக்கு இரண்டு பக்கமும் சிறகு.

"என்ன தாயி இது, கோழியா?" என்றேன்.

"குப்பை பிடிக்கிற வண்டிண்ணே. காத்துல பறக்குற கவரைப் பிடிக்கும்."

"பின்னாடியே விரட்டிக்கிட்டுப் போகுமாக்கும்."

"போகாது. ஒரே எடத்துல நிக்கும். காத்தே கொண்டாந்து குடுக்கும்."

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும். ஓடாத வண்டிக்கு எதற்கு வண்டி என்று பெயர், வேலையைக் கெடுக்காதே என்று அனுப்பிவிட்டேன். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். நான்காம் நாள்தான் காரணத்தைச் சொன்னாள்.

சாலைக்குக் கிழக்கே அவளுடைய அக்கா வீரலட்சுமியின் கடலைக் காடு. ஆடி மாதம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, சாலையில் கிடக்கும் கவரையெல்லாம் அந்தக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடும். போதாததற்கு, சீக்கிரம் வேலையை முடிக்கிற அவசரத்தில் கனகாவும் குப்பையைக் கிழக்குச் சரிவில் தள்ளிவிட்டுப் போவாள். "அள்ளிட்டுப் போடி" என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "நாளைக்கு அள்ளுறேன்க்கா" என்று இவளும் அத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அக்காவின் செவலைப் பசு வயிறு உப்பிச் செத்தது. மாட்டு டாக்டர் அறுத்துப் பார்த்தார். வயிற்றுக்குள் பால் கவரும் பிரியாணி பார்சல் கவரும் ஒன்றோடொன்று முறுக்கி, குடம் அளவுக்கு இருந்தது. அக்கா திட்டவில்லை. "இனிமே இங்க வராத" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நாலு வார்த்தை திட்டியிருந்தாத் தேவலண்ணே," என்றாள் கனகா.

அம்மா இறந்தபிறகு இவளுக்குத் தலை சீவி, சோறு ஊட்டி வளர்த்தது அக்காதான். இப்போது இவள் தினமும் அந்தக் காட்டை ஒட்டியே கூட்டிக்கொண்டு போகிறாள். அக்கா களையெடுப்பது தெரியும். இருமினால் கேட்கும். முகம் மட்டும் இந்தப் பக்கம் திரும்பாது. ஒருநாள் அக்கா புதுச்சேலை கட்டியிருந்தாளாம். எங்கே எடுத்தது என்று கேட்க வாய்வரை வந்ததாம். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். நான் காலண்டர் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பட்டறை மூலையில், எஞ்சின் மட்டும் உருப்படியாக இருந்த பழைய லோடு ஆட்டோ ஒன்று கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் பைப்பில் கதவு மாதிரி சட்டம் வைத்தேன். திறந்தால் சிறகு. முதலில் நாற்றுப் பண்ணையில் போடுகிற பச்சை வலையை இழுத்துக் கட்டினேன். என் மூளை அவ்வளவுதான். காற்று புகுந்து போக வழியில்லாமல், வண்டியையே குப்புறத் தள்ளிவிட்டது. கனகா சிரித்த சிரிப்பில் அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. மறுநாள் ஆத்தூர் அணையில் யாரிடமோ கேட்டு, பழைய மீன்வலை கொண்டுவந்தாள். காற்று ஊடே போய்விட்டது, கவர் ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒரு வாஷிங் மெஷின் டிரம்மைப் பொருத்தினோம். சுற்றினால் மண் உதிரும். பிறகு கரும்புச்சாறு பிழிகிற உருளை. அதில் விட்டால் கவர் அப்பளமாக வெளியே வரும். அதைக் கட்டி அனுப்பினால் தூளாக்கித் தாரோடு கலந்து ரோடு போடுவார்கள்.

வண்டியைப் பார்க்க, கனகாவின் ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். அக்கா காட்டுக்கு எதிரே நிறுத்தி, சிறகைத் திறந்து வைத்தோம். ஆடி மாதம்தான், ஆனால் அன்று ஒரு இலை அசையவில்லை. ஒரு மணி நேரம் நின்று பார்த்தார்.

"வண்டின்னா ஓடணும்மா. இது சும்மா நிக்குது," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் முதல் நாள் கேட்டதும் அதுதான். ஆனாலும் அந்த ஆள்மேல் ஆத்திரமாக வந்தது.

கனகா அவரைப் பார்க்கவே இல்லை. காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முதுகைக் காட்டிக் களையெடுத்துக்கொண்டிருந்தாள்.

"போவோம் தாயி," என்றேன்.

"செத்த நேரம் இருங்கண்ணே. காத்து வரும்."

நாலு மணிக்கு வந்தது. சாலையெல்லாம் புழுதி எழும்பி, எங்கெங்கோ கிடந்த கவரெல்லாம் பறந்து வந்து வலையில் அப்பின. கால்மணி நேரத்தில் வலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காடே தெரியவில்லை. ஆனால் பாதிக்குப் பாதி, வடக்கு ஓரமாகத் தப்பி உள்ளே போய்க்கொண்டிருந்தது. கனகா வலையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றாள்.

வலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது.

"தப்பான எடத்துல நிறுத்தியிருக்கடி. காத்து அந்த ஒத்தப் பனைகிட்டதான் உள்ள நுழையும். ஆறு வருசமா நானே குனிஞ்சு பொறுக்குறேன், எனக்குத் தெரியாதா."

"நாளைக்கு அங்க நிறுத்துறேன்க்கா," என்றாள் கனகா.

"நாளைக்கு நாளைக்குன்னுதான் என் செவலை போச்சு. இப்ப நிறுத்து."

"பனை உன் வேலிக்கு உள்ளதான இருக்கு."

கவர்கள் படபடத்துக்கொண்டிருந்தன. அக்கா போய்விட்டாள் என்றே நான் நினைத்தேன்.

பிறகு, காட்டு வாசலை அடைத்திருந்த முள்படலை யாரோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. நான் சிறகை மடக்கி வண்டியைக் கிளப்பினேன். கனகா வண்டியில் ஏறவில்லை. முன்னால் ஓடிப்போய், படலின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள்.