நடுவருக்கு என்ன எலும்பு?

“கழுத்து,” என்று செல்போனில் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார் பெய்ஷேன் அண்ணன். வாயிலிருந்த உப்புத் தயிர் உருண்டையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினார். நாலு நிமிஷம் போனது. எங்கள் அணிக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. மறுபடி போனை எடுத்தார். “புருல், கழுத்து வேணாம். விலா வை.”

வீட்டில் அடுப்புக்கு முன்னால் நிற்கும் புருல்கான் அண்ணியின் குரல் பக்கத்தில் நின்ற எங்களுக்கும் கேட்டது. “கறி வெந்துக்கிட்டிருக்கு. அதுக்குள்ள எந்த எலும்புன்னு எனக்கு எதுக்குச் சொல்றீங்க? ஆட்டம் முடிஞ்சதும் ஒரு தடவ போன் பண்ணுங்க, போதும்.”

“இல்ல புருல், மனசுல வச்சுக்க. பின்னாடி மறந்துடுவேன்.”

“நீங்களா மறப்பீங்க,” என்று அண்ணி வைத்துவிட்டார்.

சாரி-புலாக் மைதானத்தின் மேற்கு கோலுக்குப் பின்னால் பெய்ஷேன் அண்ணனின் பஞ்சர் கடை. கடைக்கும் வலைக்கும் நடுவில் பத்தடி இருந்தால் அதிகம். அங்கே ஒரு பழைய டிராக்டர் டயரைப் படுக்கப் போட்டு, அதன் குழிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்துகொள்வார். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி. விரல் நகங்களில் எந்த சோப்புக்கும் போகாத கறுப்பு. ஆட்டம் நடக்கும்போது யாராவது சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தால், “காத்து போனது போயாச்சு, அது எங்க ஓடப் போகுது? உக்காரு,” என்பார். வந்தவரும் உட்கார்ந்துவிடுவார்.

நடுவரைத் திட்டுவதில் அவருக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. தாயைத் தொட மாட்டார், மார்க்கத்தைத் தொட மாட்டார். “உன் ஆடு பூரா அடுத்தவன் பட்டியில போய்க் குட்டி போடட்டும்” என்பார். “அந்த விசில முழுங்கிட்டு, பொண்டாட்டிகிட்டப் பேசறப்பல்லாம் நீ ஊதணும்” என்பார். ஒருமுறை எல்லைக்கோட்டில் கொடி பிடித்தவரிடம், “அண்ணே, அந்தத் துணிய எங்கிட்டக் குடு, நல்லாத் தொடைச்சுக்கிறேன்,” என்று எண்ணெய்க் கையை நீட்டினார். அந்த ஆளே சிரித்துவிட்டார்.

தொண்ணூறு நிமிஷம் இப்படித் திட்டி முடித்ததும் எழுந்து, பின்புறத்தைத் தட்டிக்கொண்டு, மைதானத்தின் நடுவுக்கு நடந்துபோய் அதே நடுவரின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். மாகாணத் தலைநகருக்கு வேன் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான். அதுவரை வந்த மனுஷன் பசியோடு எங்கே நிற்பான்? பதினோரு வருஷமாக எங்கள் ஊருக்கு வருகிற நடுவர்களுக்குச் சாப்பாடு பெய்ஷேன் வீட்டில். ஆடு மட்டும் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்து வரும்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குக் கறி வைப்பது கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடுகிற காரியம் இல்லை. ஒவ்வோர் எலும்புக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. இடுப்பெலும்பு வந்தால் அதற்கு மேல் மரியாதை கிடையாது. பிறகு தொடை, முன்னங்கால், விலா என்று இறங்கும். கழுத்தை விருந்தாளி முன்னால் வைப்பது, “சாப்பிட்டுட்டுக் கிளம்பு” என்று வாயால் சொல்வதற்குச் சமம். ஆகையால் ஆட்டம் முடிந்த மறுநாள் சந்தையில் யாரும் எத்தனை கோல் என்று கேட்க மாட்டார்கள், அது தெரிந்ததுதான். “ரெஃப்ரிக்கு என்ன எலும்பு வச்சாரு?” என்றுதான் கேட்பார்கள். பெய்ஷேன் வைத்த எலும்பு ஊரின் தீர்ப்பு.

தீர்ப்பு நேர்மையானதா என்று கேட்டால், நான் பக்கத்து வீட்டுக்காரன், பொய் சொல்லக் கூடாது. எங்களுக்கு பெனால்டி கொடுத்தவர் தொடை தின்றார். எதிரணிக்குக் கொடுத்தவர் கழுத்தைக் கடித்தார். இடுப்பெலும்பு பதினோரு வருஷத்தில் இரண்டு பேருக்குத்தான் போனது. இரண்டும் நாங்கள் ஜெயித்த நாட்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் அணியில் கோல் அடித்த பையனையும் அந்தச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார். எல்லாருக்கும் முன்னால் ஒரு பிடி கறியும் கொழுப்பும் எடுத்து, அவனைக் குனியச் சொல்லித் தன் கையாலேயே வாயில் ஊட்டுவார். அந்த ஒரு வாய்க்காக ஓடுகிற பையன்களும் இருக்கிறார்கள். அவருடைய சொந்த மகன் மிர்லானுக்கு அது இதுவரை கிடைக்கவில்லை. இருபத்துநாலு வயது. இரண்டு வருஷமாக அணியில் இருக்கிறான், பாதி நாள் பெஞ்சில். வீட்டு விருந்தில் விருந்தாளிகளின் கைகளுக்குக் கெண்டியால் வெந்நீர் ஊற்றுவது அவன் வேலை. அடுத்தவன் வாய்க்கு அப்பாவின் கை போவதை, கெண்டியைப் பிடித்தபடி எத்தனை முறை பார்த்திருப்பான்.

போன மாதம் வருஷத்தின் கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில், தாஷ்-கெச்சு ஊர்க்காரர்களோடு. ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போகலாம். டிரா போதாது. நடுவர் உலார்பெக், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர், ஒல்லியான மனுஷன். முன்பு இரண்டு முறை வந்து ஒரு விலாவும் ஒரு கழுத்தும் தின்றவர். ஆடு, வேன் ஓட்டுகிற சாகின் வீட்டு ஆடு.

பாதி ஆட்டத்தில் மிர்லானை இறக்கினார்கள். பெய்ஷேன் அண்ணன் அதன் பிறகு நடுவரைத் திட்டுவதையே விட்டுவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தேழாவது நிமிஷம், கார்னர் கிக். பந்து நாங்கள் நின்ற பக்கத்து வலைக்கு முன்னால் உயர்ந்து வந்தது, நாலைந்து பேர் எழும்பினார்கள், மிர்லானும் எழும்பினான், பந்து வலைக்குள் கிடந்தது. எனக்குக் கம்பம் மறைத்தது. ஊர் மொத்தமும் கத்தியது. சாகின் என்னைத் தூக்கியே விட்டான். அப்போது விசில். உலார்பெக் தன் வலது முன்கையைத் தட்டிக் காட்டினார். கையில் பட்டது, கோல் இல்லை.

“நெஞ்சுடா, நெஞ்சு. கணக்கு வாத்தியாருக்கு ஒடம்புல எது எங்க இருக்குன்னே தெரியல,” என்று சாகின் தொண்டை கிழியக் கத்தினான். மிர்லானும் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினான். நான் பெய்ஷேன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டயருக்குள் எழுந்து நின்றிருந்தார். போனை எடுத்து அழுத்தினார். “சொல்லுங்க,” என்று அண்ணியின் குரல் வந்தது. “என்னங்க, கழுத்தா?” அவர் போனைக் காதில் வைத்தபடியே நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் டிராவில் முடிந்தது. நாற்பது ஐம்பது பேர் நடுவரைச் சுற்றிக்கொண்டார்கள். பெய்ஷேன் அண்ணன் கூட்டத்துக்குள் நுழைந்து வழக்கம்போல அவர் முழங்கையைப் பிடித்தார்.

“வழி விடுங்கப்பா. சாப்பிட வர்றாரு.”

“இன்னிக்குமா அண்ணே சோறு?”

“என்னிக்கும்தான்.”

“அப்போ கழுத்துதானே?”

“சட்டி எறங்கட்டும்.”

வீடு வருகிற வரைக்கும் பேச்சு ஓயவில்லை. “பத்து அடியில அண்ணன் நின்னாரு, அவரக் கேளு” என்று ஒருவன். “அண்ணனக் கேக்கணுமா, அவரு புள்ளையாச்சே, கழுத்துகூடக் கெடைக்காது, வெறும் சூப்புதான்” என்று இன்னொருவன். நடுவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். “எனக்குக் கழுத்தே போதும் அண்ணே, பழகிடுச்சு,” என்று மெதுவாகச் சொன்னார். பெய்ஷேன் அண்ணன் அவர் முழங்கையை விடவில்லை.

மஃரிப் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்ய வீட்டுக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். பக்கத்துக் குழாயில் மிர்லான் கால் கழுவிக்கொண்டிருந்தான். அவன் அப்பா வந்து நின்றார்.

“நெஞ்சுலதான் பட்டுச்சா?”

“நெஞ்சுலதான் அத்தா. எல்லாரும் பார்த்தாங்களே.”

“ம்,” என்றார். டியூபைத் தண்ணீரில் அமுக்கிவிட்டு எந்த இடத்தில் குமிழ் வருகிறதென்று காத்திருப்பாரே, அதே பார்வை. துண்டை எடுத்து மகனின் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

தொழுகை நடத்த என்னை முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் வரிசையில் சாகினும் நடுவரும் தோளோடு தோள் ஒட்ட வேண்டியதாயிற்று. சாகின் ஒட்டினான், மூக்கால் ஒரு சத்தம் விட்டுக்கொண்டு. அல்லாஹ் மன்னிக்கட்டும், ஓதும்போது எனக்கும் மனம் கம்பத்துக்குப் பின்னால் போய்ப் போய் வந்தது.

சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். மிர்லான் கெண்டியோடு சுற்றி வந்து எல்லார் கைக்கும் நீர் ஊற்றினான். நடுவரிடம் வந்தபோது கொஞ்சம் வேகமாகவே ஊற்றினான், அவர் சட்டைக்கை நனைந்தது. அண்ணி பெரிய தட்டில் கறியைக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தார்.

“ஏழு தடவ போன் பண்ணினீங்க. கடைசித் தடவ வாயே தொறக்கல. இந்தாங்க, நீங்களே வைங்க,” என்று சொல்லிவிட்டு, போகாமல் கதவோரமாக நின்றார்.

பெய்ஷேன் அண்ணன் தட்டை ஒருமுறை சுற்றித் திருப்பினார். ஆவி முகத்தில் அடித்தது. எங்கள் எல்லார் கண்களும் அந்தக் கறுப்பு நகங்களின் மேல் இருந்தன. முதலில் தொடையைத் தொட்டார், விட்டார். பிறகு இடுப்பெலும்பை இரண்டு கைகளாலும் எடுத்து உலார்பெக் முன்னால் வைத்தார்.

சாகின்தான் முதலில் வாயைத் திறந்தான். “அண்ணே, மாறிடுச்சு.”

“மாறல.”

“நம்ம கோலப் புடுங்கின ஆளுண்ணே. மேல போக வேண்டிய ஊரு, இங்கயே கெடக்கு.”

“கெடக்கு.”

“என் ஆடுண்ணே அது.”

“நல்ல ஆடு, சாகின். நல்லா வளத்திருக்க.” பெய்ஷேன் அண்ணன் கழுத்தெலும்பை எடுத்துத் தன் முன்னாலேயே வைத்துக்கொண்டார். “நான் கோலுக்குப் பின்னாடி நின்னேன். பத்தடி. வெயிலு முதுகுப் பக்கம்.”

“அதத்தானே கேக்கறோம். என்ன பார்த்தீங்க?”

அவர் கத்தியை எடுத்து, பிடி நடுவர் பக்கம் இருக்கும்படித் திருப்பி நீட்டினார். உலார்பெக் அதை வாங்கிக்கொள்ளவே மறந்து உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷக் கதை அவருக்கும் தெரியும். மாகாணத்தில் எல்லா நடுவர்களுக்கும் தெரியும்.

சாகின் திரும்பி மிர்லானைப் பார்த்தான். பிறகு நானும் பார்த்தேன். சுவரோரமாக நின்றவனின் கையில் கெண்டி சாய்ந்திருந்தது, அதன் மூக்கிலிருந்து விரிப்பின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. வலது முன்கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

சாகின் மறுபடி மூக்கால் சத்தம் விட்டான். ஆனால் அது முந்தைய சத்தம் இல்லை. “சரி, வெட்டுங்க வாத்தியாரே,” என்றான் நடுவரிடம். “ஆறிப் போகுது. ஏழு மணி வேன ஓட்டறவனே நான்தான், நீங்க தின்னு முடிக்காம அது கெளம்பாது.”

நடுவர் இடுப்பெலும்பிலிருந்து கறியைச் சீவினார். முறைப்படி முதல் துண்டுகளை வீட்டுக்காரர் பக்கம் தள்ளினார். நல்ல கறி, ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு. பெய்ஷேன் அண்ணன் அதைத் தின்னவில்லை. எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஒரு பிடியாக உள்ளங்கையில் அள்ளினார். இன்றைக்குக் கோல் அடித்தவன் யாரும் விரிப்பில் இல்லை, எங்களுடைய அந்த ஒரு கோலை அடித்த பையன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். அவனைத்தான் கூப்பிட்டு அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன்.

“மிர்லான்,” என்றார். “வாடா இங்க.”

அவன் கெண்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே வந்து மண்டியிட்டான். காது வரைக்கும் சிவந்திருந்தான். “அத்தா, நான்…” என்று ஏதோ ஆரம்பித்தான்.

“வாயத் தொற,” என்று சொல்லி, பெய்ஷேன் அண்ணன் கொழுப்பு வழிகிற கையை மகனின் வாய்க்கு நேரே நீட்டி, அவன் திறக்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.