நீலாம்பாளின் வலது கை

"எலைட் வகை வைட் ரிசீவர் என்பவர் பதினெட்டு முதல் இருபத்தாறு வயதுக்கு உட்பட்டவராகவும், ஐந்தடி ஒன்பது அங்குலத்துக்குக் குறையாத உயரமும் நீண்ட கைகளும் உடையவராகவும், நாற்பது கஜத்தை ஐந்தரை வினாடிக்குள் ஓடிக் கடப்பவராகவும், எதிராளியை ஏமாற்றி விலகும் சாதுரியம் மிக்கவராகவும், ஆட்டத்தின் மீது தணியாத வேட்கை கொண்டவராகவும் இருத்தல் வேண்டும்." தென்மண்டலக் கொடிக் கால்பந்துக் கூட்டமைப்பின் கையேட்டில், ஏழாம் பிரிவு இப்படிச் சொல்கிறது.

நீலாம்பாளுக்கு வயது நாற்பத்துமூன்று. உயரம் ஐந்தடி, அதுவும் கொண்டையைச் சேர்த்து அளந்தால். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. பேராவூரணி பஸ் புறப்பட்டாலும் நடந்துதான் வருவாள், பஸ்தான் நிற்கும். எதிராளி என்று அவளுக்கு உலகத்தில் ஒரே ஒருவர், பாகப்பிரிவினையில் பின்கட்டைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட கொழுந்தனார். அவரை ஏமாற்றி விலக வேண்டிய அவசியமில்லை, அவரே விலகிப் போய்விடுவார். வேட்கை வெற்றிலை மீது உண்டு.

தொழில், தேங்காய் பிடிப்பது. புடவைக்கு மேல் கணவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு லாரி மேல் நிற்பாள். கணவர் துபாயில் இருக்கிறார், சட்டைகள் மட்டும் ஊரில் வேலைக்குப் போகின்றன. கஜா புயலில் மரங்கள் விழுந்த பிறகு ஆண்கள் பாதிப் பேர் திருப்பூருக்குப் போய்விட, லாரியில் ஏற ஆள் இல்லாத ஒரு நாளில் இவள் ஏறினாள். இறங்கச் சொல்ல யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. ஏனென்றால் அன்றைக்கு ஒரு காய்கூடக் கீழே விழவில்லை. அதற்குப் பிறகும் விழவில்லை.

கீழே குவியலருகே நின்று எறிபவன் சேரன். காய்களை இரண்டிரண்டாகத்தான் எறிவான். அவளுடைய இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டு கையும் நிறைந்ததும் திரும்பி, குனிந்து, சத்தமில்லாமல் அடுக்குவாள். ஒற்றைக் காயை அடுக்கக் கூடாது என்பது களத்து வழக்கம், எண்ணிக்கை கலைந்துவிடும். ஆகவே ஒன்று முந்தி வந்தால் இன்னொரு கையை நீட்டியபடி நிற்பாள். ஜோடி வந்தால்தான் நகர்வாள். இதையெல்லாம் அவள் கவனித்துச் செய்வதில்லை. அந்த நேரத்தில் பெரும்பாலும் காதில் போனைச் செருகிக்கொண்டு துபாயைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

இப்படிப்பட்டவள் எலைட்டா இல்லையா என்று ஊர் இரண்டு பட்டதற்குக் காரணம் அவளுடைய மகள் பிரகதீஸ்வரி.

பிரகதி கல்லூரியில் கடைசி வருடம். உடற்கல்விப் படிப்பில் சேர வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவளுடைய ஆசை. மாநிலப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழ் ஒன்று இருந்தால் இடம் நிச்சயம். வாலிபாலில் அந்தச் சான்றிதழ் வாங்க மாவட்டத்துக்கு இருநூறு பேர் முட்டி மோதினார்கள். கொடிக் கால்பந்து ஆட மாவட்டத்திலேயே ஐந்து பேர்தான், அந்த ஐந்து பேரும் பேராவூரணிதான். அமெரிக்கக்காரர்களின் ஆட்டம், ஆனால் முட்டித் தள்ளுவது கிடையாது. இடுப்பில் துணிப்பட்டை தொங்கும், எதிரணி அதை உருவிவிட்டால் ஆட்டம் நிற்கும். ஒருத்தி எறிவாள். ஒருத்தி தூரமாகப் போய்ப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். எறிபவள் பிரகதி. பிடிப்பவளுக்குத்தான் வைட் ரிசீவர் என்று பெயர்.

கூட்டமைப்பின் விதிப்படி ஒவ்வொரு அணியிலும் எலைட் சான்று பெற்ற ஒருவராவது இருந்தால்தான் மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம். அப்படி இருந்த ஒரே பெண் ரிஃப்கா. தை மாதம் கல்யாணம் ஆகி மஸ்கட் போய்விட்டாள். போட்டி கோவையில், மாசிக் கடைசியில். பிரகதிக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை.

மீதி நான்கு பெண்களும் தேங்காய்க் களத்தை ஒட்டிய பொட்டலில் பழகிக்கொண்டிருந்தபோது பிரகதி எறிந்த பந்து காற்றில் திசை மாறி லாரிப் பக்கம் போனது. சேரன் அந்த நேரம் பார்த்துத் தும்மியதால் ஒற்றைக் காயைத்தான் எறிந்திருந்தான். நீலாம்பாள் வலது கையில் காயையும் இடது கையில் பந்தையும் பிடித்தாள், திரும்பினாள், அடுக்கினாள்.

"ம்மா, பந்து எங்க?"

"எந்தப் பந்து?"

"இப்ப நீ புடிச்சியே!"

"நான் காய்தாண்டி புடிச்சேன்."

"அக்கா, ஒண்ணு நீட்டமா வந்துச்சே, பாக்கலயா?" என்றான் சேரன்.

"ஏதோ கோணக்காய்னு நெனச்சேன்."

அதற்குள் அதன்மேல் மூன்று அடுக்கு ஏறிவிட்டது. பந்து காங்கயம் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து வியாபாரி போன் செய்து, ஒரு காயில் வெறும் காற்றுதான் இருக்கிறது என்று புகார் சொன்னார்.

பிரகதி அழவில்லை. அம்மாவின் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்க் கையேட்டை எடுத்து ஏழாம் பிரிவின் அடிக்குறிப்பைப் படித்தாள். உடல் தகுதிகளில் குறையிருந்தாலும் பிடித்தேர்வில் பன்னிரண்டுக்குப் பத்து பெற்றால் மதிப்பீட்டாளர் தம் விருப்புரிமைப்படி சான்று வழங்கலாம் என்று இருந்தது. பிடித்தால் மட்டும் போதாது. பந்தோடு ஐந்து கஜமாவது முன்னேற வேண்டும்.

மறுநாளிலிருந்து பயிற்சி. எந்தப் பக்கம் எறிந்தாலும் பந்து நீலாம்பாளின் இடது கையில் போய் உட்கார்ந்தது. அதோடு சரி. வலது கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"புடிச்சிட்டல்ல, ஓடும்மா!"

"ஜோடி வரலயேடி."

"பந்துக்கு ஜோடி கெடயாது. ஒண்ணுதான்."

"ஒண்ண வச்சிக்கிட்டு நான் என்னத்தப் பண்றது?"

புரியாமல் இல்லை. பெற்ற பெண்ணின் படிப்பு தன் காலில் நிற்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கவலையில் இரண்டு நாள் வெற்றிலைகூடப் போடவில்லை. ஆனால் ஏழு வருடமாக அவளுடைய கால் வலது கையைக் கேட்டுக்கொண்டுதான் நகர்ந்திருக்கிறது. இப்போது திடீரென்று மூளை சொன்னால் அது எப்படிக் கேட்கும்?

லாரி டிரைவர் ஜாஹித் அவள் எலைட் இல்லை என்ற கட்சி.

"எலைட்டுன்னா பாத்தாலே தெரியணும்டா."

"அக்காவப் பாத்தா என்ன தெரியுது?" என்று கேட்டான் சேரன்.

"தேங்கா தெரியுது."

"ஏழு வருசத்துல ஒரு காய் விட்டுருக்காங்களா? நீ வாரத்துக்கு ஒருக்கா சாவிய வண்டிக்குள்ள வச்சிப் பூட்டுற. யாரு எலைட்டு?"

"விடாம புடிக்கிறது தெறமை. எலைட்டுங்கறது வேற."

"வேறன்னா?"

"வேறன்னா... வேற." ஜாஹித் டீயைக் குடித்து முடித்துவிட்டார். கையேடும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருந்தது, கொஞ்சம் நீளமாக.

மதிப்பீட்டாளர் அறிவுச்செல்வன் ஒரு செவ்வாய்க்கிழமை கும்பகோணத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்தார். அன்று லோடு இருந்ததால் தேர்வை அந்தப் பொட்டலிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் உயரம் அளந்தார். கொண்டையை அவிழ்க்கச் சொன்னதும் இரண்டு அங்குலம் குறைந்தது. பிறகு நாற்பது கஜம். நீலாம்பாள் நடந்தாள். பாதி வழியில் குறுக்கே கிடந்த தென்னை மட்டையை ஓரமாக இழுத்துப் போட்டாள். முப்பத்தெட்டு வினாடி.

"அம்மா, ஏன் மட்டைய எடுத்தீங்க?"

"கெடந்துச்சுங்க சார்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

பிடித்தேர்வு தொடங்கியது. முதல் பந்து இடது கையில் வந்தது, நின்றாள். இரண்டாவதும் அப்படியே. இரண்டு பூஜ்யம். இன்னும் ஒன்றுகூடத் தவறக் கூடாது. பிரகதியின் முகத்தைப் பார்த்தபோது நீலாம்பாளுக்கு, ஒன்பதாம் வகுப்பில் ஸ்பைக்ஸ் ஷூ கேட்டு வாங்கித் தர முடியாமல் போன நாளின் முகம் நினைவுக்கு வந்தது. வலது கை காலியாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மூன்றாவது பந்து புறப்பட்டபோது, குவியலருகே நின்ற சேரனுக்குப் பொறுக்கவில்லை. அனிச்சையாக ஒரு தேங்காயை எடுத்து எறிந்தான்.

பந்தும் காயும் ஒன்றாகக் கைக்கு வந்தன. நீலாம்பாள் திரும்பினாள். எதிரணியாக நின்று பட்டையை உருவ வந்த பிரகதியின் அணித்தோழி ஷமா கை நீட்டுவதற்குள் அவளைக் கடந்து, ஓடவில்லை என்றாலும் ஓட்டத்துக்கு மிக அருகில் இருந்த ஒரு நடையில், எல்லைக்கோடு வரை போனாள். குனிந்து இரண்டையும் உடையாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

அறிவுச்செல்வன் கையேட்டைப் புரட்டினார். மோதிரம், கம்மல், கொக்கி போட்ட பெல்ட், கூரான செருப்பு எல்லாம் விலக்கப்பட்டிருந்தன. தேங்காயைப் பற்றி ஒன்றும் இல்லை.

"இது அணிகலன்ல வருமா?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டார்.

"கழுத்துல மாட்டலயே சார்," என்றான் சேரன்.

அவர் நேர்மையான மனிதர். விலக்கப்படாதது அனுமதிக்கப்பட்டது என்று முடிவு செய்தார். மூன்றிலிருந்து பதினொன்று வரை ஒன்பது பந்து, ஒன்பது காய். ஒன்பதும் எல்லைக்கோட்டில் வரிசையாக உட்கார்ந்தன. பதினொன்றாவதற்குப் பிறகு அவருக்கு மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, தலைமையகத்துக்குப் போன் போட்டார். எதிர்முனை வெகுநேரம் யோசித்து, உரித்த காயா உரிக்காத காயா என்று கேட்டது. உரித்ததுதான் என்று சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

"சரிம்மா, ஒரு சமரசம். கடைசி பந்து மட்டும் தேங்காய் இல்லாம."

"சார், அது எப்படி சார்?" என்று பிரகதி பதறினாள்.

"ஒண்ணாவது முறைப்படி இருக்கணும்ல பாப்பா? நான் மேல பதில் சொல்லணும்."

சேரனின் கையிலிருந்த காயை அவரே வாங்கிக் கீழே வைத்தார். கையேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சரியாகப் பார்க்க வேண்டும் என்று நீலாம்பாளுக்கு வலது பக்கமாக இரண்டடியில் வந்து நின்றார்.

பிரகதி எறிந்தாள். பந்து உயரமாகப் போய் நேரம் கழித்து இறங்கியது. இடது கையில் வந்து விழுந்தது. நீலாம்பாள் நின்றாள். வலது கை நீண்டது. எதிரிலிருந்து ஷமா வந்துகொண்டிருந்தாள். "ம்மா!" என்று ஒரு சத்தம் கேட்டது. ஒன்றும் வரவில்லை, வரப்போவதுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கை காத்திருந்தது, பக்கத்தில் துழாவியது, அறிவுச்செல்வனின் அக்குளில் ஏதோ தட்டுப்பட்டது. அதை உருவினாள்.

ஜோடி சேர்ந்தது. ஷமாவைத் தாண்டிப் போய் எல்லைக்கோட்டில் பந்தையும் தென்மண்டலக் கொடிக் கால்பந்துக் கூட்டமைப்பின் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

அறிவுச்செல்வன் போய்க் கையேட்டை எடுத்துத் தூசி தட்டினார். கையேட்டைக் கையில் எடுக்கக் கூடாது என்று கையேட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை. குந்தி உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். உயரம் இல்லை, வேகம் இல்லை, வயது இல்லை. பிடித்தேர்வு பத்து. குறிப்பு என்ற இடத்தில், "இவரை எலைட் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, இல்லையென்று சொல்லக் காரணமில்லை, எனவே எலைட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், ஒரு காய் எடுத்துட்டுப் போங்க," என்றாள் நீலாம்பாள்.

"வேணாம்மா. லஞ்சமாயிடும்."

"அப்ப ரெண்டா எடுத்துக்குங்க."

கோவையில் பேராவூரணி அணி இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் தோற்றது. பிடிக்கும் இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஆடினாள். அணியின் எலைட் வீராங்கனை இரண்டு ஆட்டத்திலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஆட வேண்டும் என்று விதி சொல்லவில்லை, இருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. பிரகதிக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஆடியில் உடற்கல்விக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். நீலாம்பாள் எலைட்தானா என்பதை ஜாஹித் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் பன்னிரண்டு பந்தும், ஒன்பது தேங்காயும், ஒரு புத்தகமும் பிடித்தாள். பிறகு லாரியில் ஏறி, பொழுது சாய்வதற்குள் எட்டாயிரம் காய் பிடித்து அடுக்கினாள். எதையும் கீழே விடவில்லை.