பழுதாக மறுத்த பெட்டிகள்

மோரின்ஸ்வில் என்ற மாட்டுப்பண்ணை ஊரில் மின்வேலிப் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் புகார் போன் எடுக்கும் நோலீன் பாஸ்கோ பதினோரு வருடமாகச் சம்பளத்தோடு திட்டும் வாங்கிக்கொண்டிருந்தாள். பெட்டி நின்றால் வேலியில் கரன்ட் இருக்காது. மாடு வெளியே நடந்துவிடும். மாட்டுக்காரர் போனில் நோலீனைப் பிடித்துக்கொள்வார். "என் காளை பவுல்ஸ் கிளப்புல பந்து உருட்டுற புல்தரையில படுத்துக் கெடக்கு. உன் பெட்டிதானே, நீயே வந்து எழுப்பு!" என்று ஒருவர் கத்திய அன்று, அவள் நேராக மேனேஜர் ராஸ் ஹாடோவிடம் போனாள்.

"பெட்டி எதனால சாகுதுன்னு நாமளே கண்டுபிடிக்கணும், ராஸ். விக்கிறதுக்கு முன்னால இங்கயே போட்டுக் கொல்லுவோம்."

"தாராளமா கொல்லு. பின்னால இருக்கிற கொட்டகைய எடுத்துக்கோ. கம்பெனி டைரக்டருங்க வர்றதுக்குள்ள காரணத்தைச் சொல்லு. இல்லன்னா பழையபடி போன்தான்."

அந்தப் போனை மறுபடி தொடுவதைவிட மாடு மேய்க்கவே போகலாம் என்று நோலீனுக்குத் தோன்றியது. கொலைகாரியாகவே மாறிவிட்டாள். பெட்டிகளை ஆடுகிற பழைய வாஷிங் மெஷின்மேல் கட்டினாள், தோட்டக் குழாயால் மழை பெய்ய வைத்தாள், கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டும் விளக்கால் சுட்டாள். வாளியில் மாட்டு மூத்திரம் வாங்கிவந்தும் ஊற்றினாள். ஒன்றும் சாகவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் டக், டக் என்று துடித்துக்கொண்டிருக்கும். ஊர் முழுக்கச் செத்து விழுகிற பெட்டி அவள் கையில் மட்டும் சிரஞ்சீவி.

ஒருநாள் டீ வேளையில் மறந்துபோன சாப்பாட்டை எடுக்கக் கொட்டகைக்குத் திரும்பினாள். பேக்கிங் பிரிவு டிபெனே ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் குந்தியிருந்தான்.

"என்னடா பண்றே?"

"ஒண்ணு நின்னு போயிருந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. கம்பி ஒண்ண முறுக்கி விட்டேன். நன்றியெல்லாம் வேணாம்."

நோலீன் மூடிகளைக் கழற்றினாள். உள்ளே வேலிக்கம்பி, கொண்டை ஊசி, சூயிங்கம் தாள். ஒவ்வொரு பெட்டியையும் நாலைந்து பேர் மாறி மாறிப் பழுது பார்த்திருந்தார்கள். எது நோய், எது வைத்தியம் என்றே பிரிக்க முடியவில்லை. நின்றுபோன பொருளைச் சும்மா கடந்துபோக இந்த ஊரில் ஒருவருக்கும் மனசு வராது. யார் செய்தது என்று அவள் கத்தியதும் எல்லோரும் ஊமையானார்கள். கொட்டகையைப் பூட்டினாள். பூட்டு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. மறுநாள் வந்து பார்த்தால், யாரோ அதைக் கழற்றி எண்ணெய் போட்டுச் சரிசெய்துவிட்டு, அந்தக் கையோடு பெட்டிகளையும் பிழைக்க வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்று அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதாள்.

டைரக்டர்கள் வந்த அன்று கொட்டகையில் தட்டு நிறையச் சாக்லேட் மீன் வைத்திருந்தாள்; நல்ல வேலைக்கு அந்த ஊரில் பரிசாகக் கொடுக்கும் மிட்டாய்.

"நல்லா ரிப்பேர் பண்ணவங்களுக்கு மீன் உண்டு. திட்ட மாட்டேன். எங்க கை வெச்சீங்கன்னு மட்டும் காட்டுங்க."

நேற்றுவரை ஊமையாக இருந்தவர்கள் வரிசையில் முண்டியடித்தார்கள்.

"இந்த எர்த் கம்பிய ஈயம் வெச்சு ஒட்டின எடம்தான். ஈரம் பட்டா விட்டுரும்," என்றான் டிபெனே.

"நானும் அங்கதான் கொண்டை ஊசிய சொருவினேன்," என்றாள் கணக்குப் பிரிவு பெரில்.

அடுத்தவரும் அங்கேதான் விரல் வைத்தார். அதற்கடுத்தவரும் அங்கேதான். நோலீன் ஒவ்வொருவருக்கும் மீனை நீட்டிக்கொண்டே போனாள்.

டைரக்டர்களோடு பக்கத்தில் நின்ற ராஸுக்குப் பொறுக்கவில்லை. "அட போங்கய்யா, இதெல்லாம் ஒரு ரிப்பேரா? போன வாரம் அதே எடத்துல நான் பேனா ஸ்பிரிங்க மாட்டி விட்டேன், இன்னும் ஓடுது பாரு! அந்த எடம் உருப்படாதுன்னு டிசைன் வரைஞ்ச அன்னைக்கே எனக்குத் தெரியும்!"

டைரக்டர்கள் இருவரும் ராஸைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிகள் டக், டக் என்றன.

நோலீன் தட்டில் இருந்ததிலேயே பெரிய மீனாக எடுத்து அவர் கையில் வைத்தாள். அதைத் தின்னவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் அவர் நின்றார். அப்போது ஆபீசில் போன் அடித்தது. எங்கோ ஒரு மாடு வெளியே வந்துவிட்டது.

"ராஸ்," என்றாள் நோலீன், "போய் எடு."