தளபதி நல்லகாமன்

கப்பலூரில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் அருள்பாண்டி சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கே.கே. நகர் வீட்டில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு சீனாவை ஆளப் போய்விடுவான். பழங்காலத்துச் சீனச் சிற்றரசர்கள் நாட்டுக்காக அடித்துக்கொள்ளும் விளையாட்டு அது. நாம் படையை நகர்த்தி முடித்த பிறகுதான் எதிரி நகர்த்துவான், அவசரமே கிடையாது. நம் இஷ்டத்துக்குப் புதுத் தளபதிகளையும் உண்டாக்கலாம். பெயர் வைத்து, வீரம் இவ்வளவு, புத்தி இவ்வளவு என்று நூற்றுக்கு மார்க் போட வேண்டும்.

தெரிந்தவர்களையெல்லாம் தளபதிகளாக்கியிருந்தான் அருள்பாண்டி. அரசனான தனக்குப் புத்தி தொண்ணூற்றெட்டு. மனைவி சத்யப்ரியாவின் அண்ணன் நல்லகாமனுக்கு வீரம் தொண்ணூறு, புத்தி பதினொன்று. உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற அவர், எந்த வியாபாரி என்ன சொன்னாலும் நம்பிவிடுவார். அதனால் போட்ட மார்க் நியாயம்தான் என்று நினைத்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவரைத்தான் முதலில் சாகக் கொடுப்பான்.

ஒரு ஞாயிறு, நல்லகாமன் ஒரு பை நிலக்கடலையோடு வந்து இறங்கினார். சத்யப்ரியா காபி போட உள்ளே போனாள். அருள்பாண்டி லேப்டாப்பை மூடுவதற்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, இது எம்பேரு மாதிரில்ல இருக்கு?"

"ஆமா மச்சான். சும்மா வச்சேன்."

"ஏ அப்பா! குதிரையில வேற உக்கார வச்சிருக்கீக! எங்க, சண்ட போடச் சொல்லுங்க, பாப்போம்."

தப்பிக்க வழியில்லை. நல்லகாமனின் குதிரைப்படை ஆற்றைக் கடந்தது. எதிரி தோற்று ஓடுவதுபோல் பாசாங்கு செய்ய, அதை நம்பித் துரத்திக்கொண்டு காட்டுக்குள் போனது. நாலு பக்கமும் தீ வைத்துவிட்டார்கள்.

"செத்துப்போனேனா?" என்று சிரித்தார் நல்லகாமன். "நீங்க எங்க மாப்ள இருந்தீக?"

"பின்னால. கோட்டைக்குள்ள."

"அதான் சரி. ராசா பத்திரமா இருக்கணும்ல."

மஞ்சள் காமாலை முற்றி அருள்பாண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கதிர் அறுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர் இவர்.

காபியோடு வந்த சத்யப்ரியா திரையைப் பார்த்தாள். இறந்த தளபதியின் விவரம் அதில் நின்றது. அண்ணன் காதில் விழாமல், "அதென்ன பதினொன்னு?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் பஸ் ஏறிப் போனதும் அருள்பாண்டி அந்தப் பதினொன்றைத் தொண்ணூறாக மாற்றினான். பின்னால் நின்ற சத்யப்ரியா, "இதுல மாத்தி என்ன செய்ய? உங்க மனசுல அம்புட்டுத்தான இருக்கு?" என்று சொல்லிவிட்டுக் கடலையை உரிக்கப் போனாள்.

அடுத்த மாதம் நல்லகாமன் வீட்டில் காதுகுத்து. பந்தியில் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "கம்ப்யூட்டர்ல என்னையத் தளபதியா ஆக்கி வச்சிருக்காருய்யா எங்க மாப்ள!"

எதிர் வரிசையிலிருந்த அருள்பாண்டியின் பங்காளி தங்கப்பாண்டிக்கு ஆசை வந்துவிட்டது. "அண்ணே, நானும் இருக்கேனா?"

இருந்தான். புத்தி இருபது.

"இருக்க" என்றான் அருள்பாண்டி, இலையைப் பார்த்துக்கொண்டே.

"எப்படிப் போட்டிருக்கீங்க?"

"எங்க மாப்ள யாரையும் கொறச்சா போடுவாரு?" என்று நல்லகாமனே பதில் சொன்னார்.

சத்யப்ரியா பாயச வாளியோடு வந்தாள். தங்கப்பாண்டிக்கு ஊற்றினாள், அண்ணனுக்கு ஊற்றினாள், புருஷன் முகத்தைப் பார்க்காமல் அவன் இலையிலும் ஊற்றிவிட்டு நகர்ந்தாள். அருள்பாண்டி அதைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தான்.